கிறிஸ்துமஸ் மாலைக்கு சீஸும் பழமும் வைத்த பப்ஸ்: நம்ம ஊரில் எப்படிச் செய்வது?

தேவகோட்டைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். 24ஆம் தேதி இரவுப் பூசைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருபது பேர் கூடுவோம். வழக்கமாகக் கலகலா, அச்சு முறுக்கு, கேக். இவை எல்லாமே முன்கூட்டியே செய்து டப்பாவில் வைப்பவை. இந்த முறை வந்தவர்கள் உட்கார்ந்ததும் அடுப்பிலிருந்து சூடாக ஒன்றை எடுத்துக் கொடுக்க ஆசை.

வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டில் ஒரு பலகாரம் சாப்பிட்டேன். பிரீ என்ற மென்மையான பிரெஞ்சு சீஸ் வட்டத்தின் மேல், கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தில் சட்னி மாதிரி ஒன்றை வைத்து, பப்ஸ் மாவால் மூட்டை கட்டி, ஓவனில் பொன்னிறமாகச் சுட்டிருந்தார்கள். வெட்டினால் சீஸ் இளகி வழிகிறது. உப்பு, புளிப்பு, லேசான இனிப்பு, மேலே மொறுமொறுப்பு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இங்கே பிரீ கிடைக்கவில்லை. கிரான்பெர்ரி காய வைத்தது மட்டும் காரைக்குடியில் பெரிய கடையில் இருக்கிறது. என்னிடம் இருப்பது சின்ன ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன். எதிர்வீட்டு ஆச்சி குடும்பமும் வருவார்கள், மார்கழியில் அவர்கள் முட்டைகூடத் தொடமாட்டார்கள். அவர்களுக்கும் அதே தட்டிலிருந்து கொடுக்க வேண்டும், தனியாக ஒன்று செய்து ஓரமாக வைப்பது எனக்குப் பிடிக்காது. வழி சொல்லுங்கள்.

சிங்கப்பூர் மருமகள்

அக்கா, நான் பிறந்தது பள்ளத்தூர். இங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் இதைச் செய்கிறேன். முதலில் மூலச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், அதில் எதை மாற்றலாம் என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

200 முதல் 250 கிராம் வரை உள்ள சின்ன வட்ட பிரீ. மேலே இருக்கும் வெள்ளைத் தோலை எடுக்கக் கூடாது, அது உண்ணக்கூடிய பூஞ்சைத் தோல். உள்ளே சீஸ் உருகும்போது அந்தத் தோல்தான் பை மாதிரி பிடித்து வைக்கிறது. பப்ஸ் மாவை 3 மில்லிமீட்டர் கனத்தில் விரித்து, நடுவில் இரண்டு மேசைக்கரண்டி பழக் கலவை, அதன் மேல் சீஸ். மாவின் ஓரங்களை மேலே கூட்டி ஒட்டி, கவிழ்த்துத் தட்டில் வைக்கவும். மீதி மாவில் நட்சத்திரம், இலை வெட்டி ஒட்டலாம். அப்படியே அரை மணி நேரம் ஃப்ரீசரில். பிறகு 200 டிகிரியில் 25லிருந்து 30 நிமிடம்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்தால் சீஸ் கொஞ்சம் இறுகும். இல்லாவிட்டால் முதல் வெட்டிலேயே எல்லாம் தட்டில் ஓடிவிடும்.

குன்றக்குடி தம்பி

இவ்வளவு அலைச்சல் எதற்கு? பன்னீரை உதிர்த்து வைத்தால் போதாதா? நம்ம ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

பால்வளம் படித்தவன்

தம்பி, பன்னீர் உருகாது. பாலை எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரிக்கிறோம் இல்லையா, அந்தப் புளிப்பில் பால் புரதத்தைச் சேர்த்துப் பிடிக்கும் கால்சியத்தின் பிடி விட்டுப்போகிறது. சூட்டில் இளகி ஓடுவதற்கான கட்டமைப்பு அதில் இல்லை. எவ்வளவு நேரம் ஓவனில் வைத்தாலும் பன்னீர் பன்னீராகவே இருக்கும், தண்ணீர் மட்டும் வற்றும். மசாலா பப்ஸுக்கு அது அருமை. தேவகோட்டை அக்கா கேட்பது வேறு பலகாரம்.

நம்ம கடைகளில் கிடைப்பவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

கட்டியாக வரும் பதப்படுத்திய சீஸ், அதாவது அமுல் பிளாக், கியூப் வகைகள். இவற்றில் உப்பும் ருசியும் நன்றாக இருக்கும். கொழுப்பு பிரியாமல் இருக்க இவற்றில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்க்கிறார்கள், அதனால் சூட்டில் எண்ணெய் விடாது. ஆனால் மெதுவாக மெத்தென்று ஆகுமே தவிர வழியாது.

மொசரெல்லா நன்றாக உருகும், நூல் விடும். சூடாக இருக்கும்வரை பிரமாதம். ஆறியதும் ரப்பர் மாதிரி ஆகிவிடும், வந்தவர்கள் பேசிக்கொண்டே சாப்பிடும் வீட்டில் அது தொல்லை. ருசியும் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

கிரீம் சீஸில் புளிப்பும் வழவழப்பும் உண்டு. ஓவனில் இளகுமே ஒழிய ஓடாது, ஆறினாலும் இறுகாது. பிரீயின் உட்பகுதிக்கு நம்மிடம் இருப்பதில் மிக நெருக்கம் இதுதான்.

ஆகவே என் யோசனை: கிரீம் சீஸ் 150 கிராம், துருவிய மொசரெல்லா 100 கிராம், பதப்படுத்திய சீஸ் ஒரு கியூபைத் துருவியது, ஒன்றிரண்டாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. நன்றாகப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்து இறுகிய பின் பயன்படுத்துங்கள். வேறு உப்பு வேண்டாம்.

இன்னொன்று. எதிர்வீட்டு ஆச்சிக்காகக் கேட்டதால் சொல்கிறேன். சீஸ் செய்யும் உறைப்பொருளைக் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பார்கள், நுண்ணுயிரிலிருந்தும் எடுப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய முறைச் சீஸ்கள் பலவற்றில் முதல் வகைதான். இந்தியப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் பயமில்லை. வெளிநாட்டு பிரீ வாங்கினால் சைவர்களுக்குக் கொடுக்கும் முன் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

தேவகோட்டைக்காரி

இது எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை கேட்டேன். அப்படியென்றால் பிரீயைத் தேடுவதை விட்டுவிடலாம் போலிருக்கிறதே?

இடைக்காட்டூர் பங்கு

விட்டுவிட வேண்டாம் என்பேன். பிரீ சும்மா ஒரு மென்மையான சீஸ் இல்லை. அதன் தோலில் வளரும் பெனிசிலியம் கமம்பர்ட்டி என்ற பூஞ்சை வெளியிலிருந்து உள்நோக்கிப் புரதத்தை உடைத்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் அந்தக் குழைவும், காளான் போன்ற மணமும். கிரீம் சீஸையும் மொசரெல்லாவையும் எந்த விகிதத்தில் பிசைந்தாலும் அந்த மணம் வராது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருபவர்களிடம் சொல்லி, ஐஸ் பையோடு ஒரு வட்டம் வாங்கி வரச் சொல்லலாம். வருடத்துக்கு ஒரு நாள் தானே.

எங்கள் ஊர்த் திரு இருதய ஆலயம் 1894இல் பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது. பிரீ என்பதும் பாரிசுக்குக் கிழக்கே, ரீம்ஸ் இருக்கும் ஷாம்பேன் நிலத்தை ஒட்டிய பகுதியின் பெயர்தான். கோபுரம் அந்தப் பக்கத்து அழகில் நிற்கும்போது பண்டிகைத் தட்டிலும் அந்த மண்ணின் பண்டம் ஒன்று இருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

பால்வளம் படித்தவன்

அண்ணே, மணத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பிரீ குளிர் விடாமல் வந்து சேர வேண்டும். பேருந்தில் மூன்று நான்கு மணி நேரம் வெப்பத்தில் வந்தால் தோலுக்கடியில் கூழாகி அம்மோனியா வாடை அடிக்கும். பழக்கமில்லாத வீட்டில் அது "கெட்டுப்போன சீஸ்" என்ற பேரைத்தான் வாங்கித் தரும். வாங்கி வர முடிந்தவர்கள் வாங்கட்டும். முடியாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை.

பேக்கரி அண்ணாச்சி

காரைக்குடியில் பல காலம் அடுப்பு முன்னால் நின்றவன் என்ற முறையில் மாவைப் பற்றி நான் பேசுகிறேன். சீஸ் எதுவானாலும் சமாளிக்கலாம், மாவு சரியில்லை என்றால் பலகாரமே இல்லை.

பப்ஸ் எப்படி உப்புகிறது என்று பாருங்கள். ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. மைதா மாவு ஒரு அடுக்கு, கொழுப்பு ஒரு அடுக்கு. மூன்றாக மடித்துத் தேய்க்கிறோம், திரும்ப மடிக்கிறோம். ஆறு முறை மடித்தால் கொழுப்பு அடுக்கு 729. ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது, நடுவில் கொழுப்பு இருப்பதால் அவை ஒட்டுவதில்லை. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு தண்ணீர்தான். நெய்யில் தண்ணீரே இல்லை, ஆகையால் வெண்ணெய்க்குப் பதில் நெய் என்று யாரும் இறங்காதீர்கள். நெய் போட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும், அடுக்கு வராது.

இப்போது நம்ம ஊர்ச் சிக்கல். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கும், 20 டிகிரியைத் தாண்டினாலே தேய்ப்பதற்கு ஏற்ற இறுக்கம் போய்விடும். செட்டிநாட்டு மார்கழிப் பகல் 30ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பகல் 12 மணிக்கு அடுப்படியில் நின்று தேய்த்தால் வெண்ணெய் மாவுக்குள் கலந்து அடுக்கெல்லாம் போய்விடும். பேக்கரிகளில் இதற்காகவே பப்ஸ் மார்கரின் என்று ஒன்று பயன்படுத்துகிறோம். அது 40 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் வெயிலிலும் தேய்க்கலாம். வாயில் மெழுகு மாதிரி ஒட்டுவதும் அதனால்தான், நாக்கின் சூட்டுக்கு அது கரையாது.

சீஸ் பலகாரத்துக்கு வெண்ணெய் பப்ஸ்தான் என் ஓட்டு. சீஸும் கொழுப்பு, மெழுகும் கொழுப்பு என்று சேர்ந்தால் திகட்டிவிடும். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து செய்யுங்கள். கருங்கல் மேடையாக இருந்தால் அதன் மேல் ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்தைக் கால் மணி நேரம் வைத்து எடுத்து, துடைத்துவிட்டு அதன் மேல் தேயுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். வீட்டில் நாலு மடிப்பே தாராளம். உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள்.

நேரமில்லாதவர்கள் பழகின பேக்கரியில் சுடாத பப்ஸ் ஷீட் கேட்டால் கொடுப்பார்கள். எந்தக் கொழுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் மருமகள்

அண்ணாச்சி, ஏசி அறையில் தேய்த்தால்?

பேக்கரி அண்ணாச்சி

தாராளமாக. 22 டிகிரியில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் மாவு மேலே ஏடு கட்டும், மடிக்கும்போது வெடிக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி

பிள்ளைகளா, சீஸையும் மாவையும் பேசிவிட்டீர்கள். பழத்தை யாரும் தொடவில்லை. இந்தப் பலகாரத்துக்கு உயிரே அந்தப் புளிப்புதான். கொழுப்பின் மேல் கொழுப்பு இருக்கும்போது நடுவில் வெடுக்கென்று ஒன்று இல்லாவிட்டால் இரண்டாவது வாய் வைக்கத் தோன்றாது.

கிரான்பெர்ரியில் புளிப்பும் இருக்கும், துவர்ப்பும் இருக்கும், இனிப்பு ரொம்பக் குறைவு. காய வைத்துக் கடையில் வருவது சர்க்கரையில் ஊறியது, அதில் அந்த வெடுக்கு போய்விடுகிறது. அதைத் தேடிப் போகாதீர்கள். என் கையில் இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது கம்பம் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கக் காய்க்கிறது, டிசம்பரிலும் காரைக்குடிச் சந்தையில் எடுக்கலாம். அரைக் கிலோ பழத்தைக் கழுவி, தண்ணீர் ஊற்றாமல் அடிகனமான பாத்திரத்தில் போட்டு மூடி வையுங்கள். தானே தண்ணீர் விட்டுத் தோல் கழன்று குழையும். மத்தால் மசித்து, கண் அகலமான வடிகட்டியில் தேய்த்து விதையை எடுத்துவிடுங்கள். தோல் முடிந்தவரை கீழே இறங்கட்டும், நிறமும் துவர்ப்பும் அதில்தான். பிறகு 150 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு அன்னாசிப்பூ, இரண்டு கிராம்பு. கிளறிக்கொண்டே இருங்கள். ஃப்ரீசரில் வைத்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். கடைசியில் அன்னாசிப்பூவையும் கிராம்பையும் எடுத்துவிட்டு, கால் தேக்கரண்டி சுக்குப் பொடி.

இரண்டாவது அரைநெல்லி. வெல்லமோ சர்க்கரையோ போட்டு மெதுவான தீயில் வெகுநேரம் கிளறினால் வெளிர்பச்சைக் காய் செக்கச்செவேலென்று ஆகும், சாயம் எதுவும் வேண்டாம். பார்வைக்கும் புளிப்புக்கும் கிரான்பெர்ரிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். காய்க்கிற காலத்தில் போட்டு பாட்டிலில் வைத்திருப்பவர்கள் இப்போது எடுங்கள். கொட்டையை எடுத்துவிட்டு நறுக்கிப் போடவும்.

கொய்யா ஜாம் வைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். கெட்டியாக நிற்கும், ஆனால் புளிப்பு போதாது. எலுமிச்சையை இரட்டிப்பாக்கினால் ஒத்துக்கொள்ளலாம்.

குன்றக்குடி தம்பி

ஆச்சி, அன்னாசிப் பழம்? வீட்டில் இருக்கிறது.

பால்வளம் படித்தவன்

பச்சையாக வேண்டாம். அன்னாசியில் உள்ள புரோமலைன் பால் புரதத்தை அறுக்கும். கிரீம் சீஸோடு பச்சைத் துண்டைக் கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீர்த்துக் கசக்கும். நன்றாகக் கொதிக்க வைத்துச் சர்க்கரையில் சுருட்டினால் அந்த நொதி செத்துவிடும், அப்புறம் பயமில்லை.

தேவகோட்டைக்காரி

பன்னீர் திராட்சை ஜாம் போட்டாயிற்று. ஆச்சி, வீடே மணக்கிறது. நிறம் கருஞ்சிவப்பு. எங்கள் அப்பத்தா ஒரு கரண்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "இதைத் தோசைக்கு வை" என்கிறார்கள்.

இப்போது என் சந்தேகம் உருவத்தில். முழு வட்டமாகச் செய்து நடுவில் வைத்தால் பார்க்க அழகு. ஆனால் எல்லோரும் ஒரே தட்டில் பிட்டுப் பிட்டு எடுப்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சரிவராது. ஒருவர் கை பட்டதை இன்னொருவர் எடுக்கத் தயங்குவார்கள். வெட்டிக் கொடுக்கலாம் என்றால் இருபது பேருக்கு வெட்டி முடிப்பதற்குள் ஆறிவிடும்.

கானாடுகாத்தான் ஆச்சி

குழிப் பணியாரக் கல்லை எடு தாயி.

தேவகோட்டைக்காரி

ஓவனுக்குள்ளா ஆச்சி?

கானாடுகாத்தான் ஆச்சி

ஏன் கூடாது? வார்ப்பிரும்புக் கல், சூட்டுக்குப் பயந்ததா? மரக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிட வேண்டும். நான்-ஸ்டிக் கல் வேண்டாம். ஓடிஜிக்குள் நுழைகிறதா என்று முதலில் வெறும் கல்லை வைத்துப் பார். பப்ஸ் மாவை ஏழு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி ஒவ்வொரு குழியிலும் அமுக்கு. நாலு மூலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், வெந்ததும் பூ மாதிரி விரியும். ஒரு தேக்கரண்டி சீஸ், அதன் மேல் அரைத் தேக்கரண்டி ஜாம். தட்டோடு நீட்டினால் ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். வெட்டவும் வேண்டாம், பிட்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்புக்கு ஊரிலிருந்து வரும் பேரப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் செய்கிறேன், அவர்கள் பணியாரத்தை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள்.

பேக்கரி அண்ணாச்சி

ஆச்சி சொன்ன யோசனைக்கு என் முழு ஆதரவு. இரும்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கனமான கல் மெதுவாகத்தான் சூடேறும். மேலே மாவு சிவந்திருக்கும், குழியின் அடியில் பச்சை மாவாக இருக்கும். அதற்கு வழி: ஓவனை 200 டிகிரியில் மேலே கீழே உள்ள இரண்டு சூட்டுக் கம்பியும் எரியவிட்டு இருபது நிமிடம் சூடேற்றுங்கள், அப்போதே காலித் தட்டு ஒன்றையும் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மாவு வைத்த கல்லை அந்தச் சூடான தட்டின் மேல் இறக்கினால் அடியிலிருந்து சூடு ஏறும். மாவின் அடிப்பாகத்தை முள்கரண்டியால் இரண்டு குத்து குத்திவிட்டு அதன் பிறகு சீஸ் வையுங்கள், அடி உப்பிக்கொண்டு சீஸைத் தள்ளாது.

25 நிமிடம் ஆகும். 20இல் ஒரு முறை எட்டிப் பாருங்கள், அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். திறந்தால் ஆவி போய் அடுக்கு உட்கார்ந்துவிடும்.

கல்லுக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை, பழகிய கல்லாக இருந்தால் மாவில் உள்ள வெண்ணெயே போதும். புதுக் கல் என்றால் லேசாக.

இடைக்காட்டூர் பங்கு

நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய வட்டத்தைக் குடும்பமே சுற்றி நின்று, வீட்டுத் தலைவர் வெட்ட, சீஸ் வழிவதைப் பார்க்கும் சந்தோஷம் இதில் வராது. எங்கள் வீட்டில் ஏழு பேர்தான். நான் வட்டமாகத்தான் செய்யப் போகிறேன், மதுரையிலிருந்து வரும் தங்கை பிரீ கொண்டு வருகிறாள்.

சிங்கப்பூர் மருமகள்

ஏழு பேர் என்றால் வட்டம்தான் சரி அண்ணா. தங்கையிடம் பிரீயைக் கைப்பையில் வைக்காமல் ஐஸ் பையில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும், பிறகு மாவில் கட்டும்வரை வெளியே எடுக்க வேண்டாம். சில்லென்ற சீஸ், சில்லென்ற மாவு, கொதிக்கும் ஓவன். மூன்றும் சேர்ந்தால்தான் சீஸ் உருகி ஓடும் முன் மாவு வெந்து நிற்கும்.

தேவகோட்டை அக்காவுக்கும் அதேதான். குழியில் எல்லாம் வைத்து முடித்ததும் கல்லோடு ஃப்ரீசரில் வைக்காதீர்கள், இரும்பு குளிர்ந்தால் அண்ணாச்சி சொன்ன சிக்கல் இரட்டிப்பாகும். மாவுச் சதுரங்களைத் தனியாக, சீஸ் உருண்டைகளைத் தனியாகக் குளிர வையுங்கள். ஓவனில் போகும் முன் கல்லில் அடுக்குங்கள்.

தேவகோட்டைக்காரி

ஒரு கல் சோதனைக்குச் செய்து பார்த்தேன். ருசி அப்படியே நான் தேடியது! மாவு நன்றாக அடுக்கடுக்காக வந்தது. ஆனால் சில குழிகளில் ஜாம் பொங்கி வெளியே வழிந்து இரும்பில் ஒட்டிக் கருகிவிட்டது. ஜாம் பதம் ஆச்சி சொன்னபடிதான், தட்டில் ஓடவில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி

ஜாமை மேலே வைத்தாயா, சீஸை மேலே வைத்தாயா?

தேவகோட்டைக்காரி

சிலதில் ஜாம் அடியில், சிலதில் மேலே. வழிந்தது எல்லாம் ஜாம் அடியில் வைத்தவை.

கானாடுகாத்தான் ஆச்சி

அடியில் இருந்தால் இரும்புச் சூட்டில் ஜாம் முதலில் கொதிக்கும், மேலே சீஸ் மூடி இருப்பதால் பக்கவாட்டில் பொங்கும். சீஸ் கீழே, ஜாம் மேலே, நடுவில் சின்னக் குழி செய்து. அரைத் தேக்கரண்டிக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். ஆசையாக இருந்தால் வெந்து வந்தபின் மேலே இன்னொரு பொட்டு வைத்துக்கொள்.

பேக்கரி அண்ணாச்சி

எதிர்வீட்டு ஆச்சி முட்டை தொடமாட்டார்கள் என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தீர்கள், முட்டை தடவாமல் மாவுக்கு நிறம் எப்படி என்பது விட்டுப்போயிற்று. இரண்டு மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய கெட்டிப் பால், கால் தேக்கரண்டி சர்க்கரை. நன்றாகக் கரைத்து மாவின் மேல்பக்கம் மட்டும் பிரஷ்ஷால் தடவுங்கள். முட்டை கொடுக்கும் பளபளப்பு வராது, அழகான செம்பழுப்பு வரும். வெட்டிய ஓரத்தில் மட்டும் வழியவிடாதீர்கள். முட்டையானாலும் பாலானாலும் ஓரத்தில் வழிந்து காய்ந்தால் அடுக்குகளைப் பசை மாதிரி ஒட்டிவிடும், அந்தப் பக்கம் எழும்பாது. வெந்து எடுத்த சூட்டில் ஒரு சொட்டு வெண்ணெய் தடவினால் பளபளப்பும் கிடைத்துவிடும்.

புதுவயல் பேத்தி

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். எங்களிடம் ஓவனே இல்லை. குக்கரில், கடாயில் உப்பைப் போட்டுக் கேக் செய்வோமே, அப்படி இதைச் செய்யலாமா?

பேக்கரி அண்ணாச்சி

கேக்குக்குச் சரி, பப்ஸுக்கு ஒத்துவராது அம்மா. மூடியில் ஆவி கட்டி மேலே சொட்டும், மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருந்தால் அந்த முறையில் செய்யலாம், அதற்குள் இரும்புக் கல் வைக்கலாமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலுமினிய மஃபின் கிண்ணம்.

இன்னொரு வழி பக்கத்து பேக்கரி. பிற்பகல் பப்ஸ் சுட்டு முடித்தபின் அடுப்பு அதே சூட்டில் இருக்கும். தட்டைக் கொண்டுபோனால் சுட்டுக் கொடுப்பார்கள். ஆனால் 23, 24 தேதிகளில் எந்த பேக்கரியிலும் கேக்குக்கே இடம் இருக்காது. 22ஆம் தேதியே சுட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் கனமான தோசைக்கல்லில் சிறு தீயில் மூடாமல் சூடு பண்ணலாம். அடி மொறுமொறுப்பு திரும்பிவிடும், மேல்பக்கம் கொஞ்சம் குறையும். மைக்ரோவேவில் சூடுபடுத்தவே கூடாது, துவண்டுவிடும்.

புதுவயல் பேத்தி

நன்றி அண்ணாச்சி. சோமாஸ் மாதிரி மடித்து எண்ணெயில் பொரித்தால்?

கானாடுகாத்தான் ஆச்சி

பொரிக்கலாம் பேத்தி, ஆனால் பப்ஸ் மாவு வேண்டாம், எண்ணெய் குடித்துவிடும். சோமாஸ் மாவே போடு. ரவையும் மைதாவும் பிசைந்து, மெலிதாகத் தேய்த்து, உள்ளே சீஸை ஒரு விரல் கனத்துக்கு வைத்து, ஜாம் ஒரு பொட்டு. ஓரத்தைச் சோமாஸ் கரண்டியால் வெட்டும் முன் தண்ணீர் தொட்டு நன்றாக அழுத்து. ஓட்டை இருந்தால் சீஸ் எண்ணெயில் இறங்கி வெடிக்கும், கை பத்திரம். பொரிக்கும் முன் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை. அது வேறு பலகாரம், அதற்கும் தனி ருசி உண்டு.

தேவகோட்டைக்காரி

இரண்டாவது கல் போட்டேன். சீஸ் கீழே, ஜாம் மேலே, பால் தடவி. ஒன்றுகூட வழியவில்லை. எதிர்வீட்டு ஆச்சிக்கு நாலு கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது அதில் சீப்புச் சீடை நிரப்பி, "சுக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். போடப் போகிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இருபது பேருக்கு நாற்பது வேண்டும். என் கல்லில் ஏழு குழி. பூசைக்குக் கிளம்புவது பத்தரை மணிக்கு. எப்போது என்ன செய்தால் எல்லோருக்கும் சூடாகக் கிடைக்கும்?

பேக்கரி அண்ணாச்சி

ஏழு குழிக் கல்லை நம்பி நாற்பது போட முடியாது, ஒவ்வொரு முறையும் கல் ஆற வேண்டும். சூடான கல்லில் மாவை அமுக்கினால் வெண்ணெய் அப்போதே உருகிவிடும். பக்கத்தில் பன்னிரண்டு குழிக் கல் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அலுமினிய மஃபின் தட்டும் ஒன்று இருக்கட்டும். மாற்றி மாற்றிப் போடலாம்.

ஜாம் இரண்டு நாள் முன்பே போட்டு வையுங்கள். மாவை 23ஆம் தேதி விடிகாலையில் தேய்த்து, சதுரமாக வெட்டி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி ஃப்ரீசரில். சீஸ் உருண்டைகள் 24 காலை. மாலை ஆறு மணிக்கு மாவை ஃப்ரிட்ஜுக்கு இறக்குங்கள், மடக்கினால் உடையாத அளவுக்கு இளகியதும் கல்லில் அமுக்கலாம். ஏழரைக்கு முதல் தட்டு உள்ளே போகட்டும். அதிலிருந்து அரை மணிக்கு ஒன்று. முதலில் வெந்தவற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள், சொந்த ஆவியிலேயே நமுத்துவிடும். கம்பி வலைத் தட்டில் திறந்து வைத்து, கடைசித் தட்டு வெளியே வந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் உள்ளே தள்ளுங்கள். ஒன்பதரைக்குள் நாற்பதும் ஒரே சூட்டில் மேசைக்கு வரும்.

சாயங்காலம் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். எங்கள் பக்கம் வேலை நடக்கும் தெருக்களில் நிறுத்துகிறார்கள். இன்வெர்ட்டரில் ஓடிஜியை மாட்ட வேண்டாம், தாங்காது.

தேவகோட்டைக்காரி

பன்னிரண்டு குழிக் கல் எதிர்வீட்டு ஆச்சியிடமே இருக்கிறதாம், அவர்கள் மாமியார் காலத்துக் கல். நாளைக் காலை வாங்கி வந்து, ஓடிஜிக்குள் போகிறதா என்று அளந்துவிட்டு எழுதுகிறேன்.